பாலிஷ் போடாத சிப்பிக்கு டெல்லி அனுமதி



சென்ற இதழில் கைவினைப் பொருளுக்கு விலை போடுவது எப்படி என்று பார்த்தோம். அதைப் படித்துவிட்டு, "வெளிநாட்டு ஆர்டர் வந்தா என்ன செய்யணும், அதையும் எழுதுங்க" என்று கடலோரக் குழுக்களிலிருந்து பலர் கேட்டீர்கள். எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் சிப்பி வேலை செய்யும் நம் குழு ஒன்றின் ஊக்குநர் அக்கா பேசினார்.

"மேடம், ஏஜெண்ட் வந்துட்டுப் போறாரு. நாளைக்குக் கையெழுத்துப் போடணுமாம். எல்லாச் சாமானையும் 'சிப்பி கைவினைப் பொருள்'னு ஒரே பேருல எழுதிடலாம்னு சொல்றாரு. போடலாமா?"

"என்னென்ன சாமான் அக்கா?"

"கண்ணாடிச் சட்டம் முந்நூறு, கதவுத் தோரணம் நூத்தைம்பது. அப்புறம் பச்சைச் சிப்பி இருநூறு கிலோ. பாலிஷ் எதுவும் வேண்டாம், கடல்ல எடுத்தபடியே வேணும்னு கேட்டிருக்காங்க."

"அக்கா, கையெழுத்துப் போடாதீங்க. நான் காலையில வர்றேன்."

இந்தக் குழுவில் பன்னிரண்டு பேர். ராமேஸ்வரம் கடைகளுக்குச் சாமான் போட்டுப் பழகியவர்கள். கடைக்கு வந்த ஒருவர் மூலமாகத்தான் இந்த வெளிநாட்டு ஆர்டர் கிடைத்தது. சட்டம் ஒன்று 750 ரூபாய், தோரணம் ஒன்று 1,100 ரூபாய், பச்சைச் சிப்பி கிலோ 175 ரூபாய். மொத்தம் 4,25,000 ரூபாய். குழுவில் தீர்மானம் போட்டு, கூட்டமைப்பில் 1,50,000 ரூபாய் கடன் வாங்கி, நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அந்த மொத்தத்தில் பச்சைச் சிப்பியின் பங்கு 35,000 ரூபாய்தான். அந்த 35,000 ரூபாய்ச் சாமான்தான் மீதி 3,90,000 ரூபாய்ச் சாமானையும் துறைமுகத்தில் மாட்ட வைக்க இருந்தது.

மூணு குவியல்

மறுநாள் போனதும் தரையில் ஒரு பழைய சேலையை விரித்துச் சாமான் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். "இதை மூணு குவியலாப் பிரிக்கப் போறோம்" என்றேன். பெரிசு, நடுத்தரம், சிறிசு என்று பிரிக்கப் போகிறோம் என நினைத்து ஒரு அக்கா சல்லடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்!

அரசாங்கம் ஏற்றுமதிப் பொருள்களைப் பிரித்து வைத்திருக்கும் முறைதான் இந்த மூணு குவியல். நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டு வந்த அந்நிய வர்த்தக (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின்படி, எந்தப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று அறிவிப்பது டெல்லியில் உள்ள வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். சுருக்கமாக டி.ஜி.எஃப்.டி. என்பார்கள். நம் தென்மாவட்டங்களுக்கு அதன் கிளை அலுவலகம் மதுரையில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் ஒரு எண் கொடுத்து, எதிரில் அதன் நிலையை எழுதி ஒரு பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்கள்.

முதல் வகை தாராளமாக அனுப்பக்கூடியது. நாம் செய்கிற பெரும்பாலான பொருள்கள் இதில்தான் வரும். இரண்டாவது கட்டுப்படுத்தப்பட்டது. 'அனுப்பக் கூடாது' என்று இதற்கு அர்த்தம் இல்லை. 'கேட்டுவிட்டு அனுப்பு' என்று அர்த்தம். கேட்டு வாங்கும் அந்தச் சீட்டுதான் ஏற்றுமதி உரிமம். மூன்றாவது தடை செய்யப்பட்டது. இதற்கு நம்மைப் போன்றவர்கள் உரிமம் கேட்டு நிற்பதில் பயன் இல்லை. உதாரணம் மயில் தோகை. தானாக உதிர்ந்த இறகு என்றாலும், அதில் விசிறி செய்தாலும், வெளிநாட்டுக்கு அனுப்பத் தடைதான். (அரசு நிறுவனம் மூலமாக மட்டுமே அனுப்பலாம் என்று நாலாவது ஒரு வகையும் உண்டு. அது நமக்கு வேண்டாம்.)

சிப்பியை நான் பாடமாக எடுத்ததற்குக் காரணம், இந்த ஒரே பொருள் மூணு குவியலிலும் இருக்கிறது. பாலிஷ் போட்ட சிப்பி, சிப்பியில் செய்த கைவினைப் பொருள் இரண்டும் தாராளம். பாலிஷ் போடாத பச்சைச் சிப்பி கட்டுப்பாட்டில் உள்ளது, உரிமம் வேண்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள சிப்பி, சங்கு என்றால் பச்சையாக இருந்தாலும், பாலிஷ் போட்டாலும், கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்தாலும் தடை.

ஆகவே அந்தக் குழுவின் கண்ணாடிச் சட்டமும் தோரணமும் முதல் குவியல். இருநூறு கிலோ சாக்குச் சிப்பி இரண்டாவது குவியல். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் அது பொய் அறிக்கை.

இந்த இடத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "ஆசிட் தண்ணியில கழுவிட்டா பாலிஷ் ஆயிடாதா மேடம்?" கழுவுவது வேறு, பாலிஷ் வேறு. உலக நாடுகள் எல்லாம் பயன்படுத்தும் பொருள் எண் வரிசையிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. வேலைப்பாடு செய்யாத சிப்பியும், லேசாகச் சுத்தம் மட்டும் செய்த சிப்பியும் 0508 என்ற தலைப்பில் வரும். வெட்டி, செதுக்கி வேலை செய்தது 96-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். பெட்டியைத் திறந்து பார்த்து இது எந்த வகை என்று முடிவு செய்பவர் சுங்க அதிகாரி. அவர் முன்னால் போய், "நாங்க கழுவினோம் சார்" என்று சொன்னால் எடுபடாது.

சாக்கின் அடியில் இருந்தவை

மூன்றாவது குவியல் நம் வீட்டில் இருக்காது என்று எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2001-ஆம் ஆண்டு மத்திய அரசு 24 வகைச் சங்கு, சிப்பிகளை வனவிலங்குச் சட்டப் பட்டியலில் சேர்த்தது. கொம்புள்ள பெரிய தலைக்கவசச் சங்கு, நாட்டிலஸ், விசிறி மடிப்புப் போல இருக்கும் பெரிய இரட்டைச் சிப்பி, குதிரைமுள்ளிச் சங்கு, பம்பரம் மாதிரியான பெரிய முத்துப்பளபளப்புச் சங்கு எல்லாம் அதில் உண்டு. விரல் சங்கில்தான் குழப்பம் அதிகம். நாம் சாதாரணமாகப் பார்க்கும் விரல் சங்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் அதே குடும்பத்தில் வேறு சில வகைகள் இருக்கின்றன. சோழியும் அப்படியே. பல்லாங்குழி ஆடும் சோழி இல்லை, ஆனால் வேறு மூணு வகைச் சோழி பட்டியலில் சேர்ந்தது. அதே 2001-இல் பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாமும் பாதுகாப்புப் பட்டியலுக்குப் போயின.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது ஜன்னல் சிப்பி. வட்டமாக, தட்டையாக, வெளிச்சம் ஊடுருவும் சிப்பி. காற்றில் ஆடும் தோரணத்துக்கும் விளக்குக் கூண்டுக்கும் எவ்வளவு அழகாக இருக்கும்! அதுவும் அந்த 24-இல் ஒன்று. நம் குழுவினர் நாற்பது கண்ணாடிச் சட்டத்தில் பூவுக்கு நடுவே அதைத்தான் வைத்து ஒட்டியிருந்தார்கள்.

2022-ஆம் ஆண்டு இந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அட்டவணைகளை எல்லாம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அதனால் பழைய நோட்டீஸ், பழைய பயிற்சிக் கையேட்டை வைத்துக்கொண்டு முடிவு எடுக்காதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் இப்போதைய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பெயர் தெரியாத சிப்பி என்றால் ஒன்றை எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள். மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் சிப்பி வகை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போனபோது கையில் ஒரு முறம் நிறையக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி எழுதி வாங்கினோம். பாதி நாள் ஆயிற்று. ஆனால் அந்த ஒரு தாளை இப்போது குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருக்கிறார்கள்.

"கடைத்தெருவுல எல்லாரும்தான் விக்கிறாங்க" என்றார் ஒரு தங்கச்சி. விற்கிறார்கள். அதற்காக அது அனுமதி ஆகிவிடாது. "செத்து ஒதுங்குன சிப்பிதானே, நாம என்ன கொன்னா எடுத்தோம்?" என்று இன்னொரு அக்கா. நியாயமான ஆதங்கம்தான். ஆனால் பட்டியலில் உள்ள உயிரினம் என்றால் அதன் ஓட்டுக்கும் சட்டம் பொருந்தும். உயிரோடு எடுத்ததா, கரையில் பொறுக்கியதா என்று ஓட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா? முதல் அட்டவணையில் உள்ளதில் குற்றம் நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. இதைச் சொன்னபோது அறையில் சத்தமே இல்லை.

பதினோரு சாக்கையும் கொட்டிப் பார்த்ததில் ஒன்பது கிலோ சந்தேகப்பட்ட சிப்பி. அதைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டிவிடலாமா என்று யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். தெரியாமல் வாங்கிய விவரத்தைக் கடிதமாக எழுதி, குழு முத்திரை வைத்து, வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்து ஒப்புகை வாங்கினோம். போகும் வழி முழுவதும் ஊக்குநர் அக்கா, "கேஸ் போட்ருவாங்களா மேடம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். போடவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள். நாற்பது சட்டத்திலும் ஜன்னல் சிப்பியைப் பெயர்த்து எடுத்துவிட்டு வேறு சிப்பி ஒட்டினார்கள். நாலு நாள் வேலை. கூலி கணக்குப் போடவில்லை, போட்டால் அழுகை வரும்.

பச்சைச் சிப்பிக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி? என் புரிதலில் இரண்டு காரணம். ஒன்று, சாக்கில் அள்ளிப் போடும்போது தடை செய்யப்பட்ட வகை அடியில் கலந்து போய்விடும். நம் சாக்கிலேயே கலந்திருந்ததே. இன்னொன்று, பச்சையாகப் போனால் கிலோ 175 ரூபாய். நம் கை பட்டால் ஒரு சட்டம் 750 ரூபாய். கடலும் ஒரு காரணம்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த கதையை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஐ.இ.சி.

உரிமம் கேட்பதற்கு முன்னால், ஏற்றுமதி செய்பவருக்கு ஒரு எண் வேண்டும். அதுதான் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண். எல்லோரும் ஐ.இ.சி. என்றே சொல்கிறார்கள். பத்து இலக்கம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபிறகு பான் எண்ணையே ஐ.இ.சி. எண்ணாகக் கொடுக்கிறார்கள். ஒரு பான் எண்ணுக்கு ஒரு ஐ.இ.சி.தான்.

யார் பெயரில் எடுப்பது? சங்கமாகவோ, அறக்கட்டளையாகவோ, உற்பத்தியாளர் நிறுவனமாகவோ பதிவு செய்த கூட்டமைப்பு என்றால், அதற்குத் தனி பான் கார்டும் வங்கிக் கணக்கும் இருக்கும். அதன் பெயரில் எடுப்பது நல்லது. தனி ஒரு உறுப்பினர் தன் பெயரில் தொழில் செய்வதாகவும் எடுக்கலாம். ஆனால் அப்போது லாப நஷ்டம், வழக்கு வம்பு எல்லாம் அவர் தலையில். நம் குழுவுக்குக் கூட்டமைப்பின் பெயரில்தான் எடுத்திருக்கிறோம்.

டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். பான், முகவரிச் சான்று, ரத்து செய்த காசோலை, ஓ.டி.பி. வருவதற்குச் செல்போனும் மின்னஞ்சலும் வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இதற்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்று வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அரசுத் தளம் மாதிரியே தோற்றம் வைத்த தனியார் தளங்களும் இருக்கின்றன. முகவரியின் கடைசியில் 'கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள், விவரம் எதுவும் மாறாவிட்டாலும், உள்ளே போய் உறுதி செய்ய வேண்டும். 2021 முதல் இந்த விதி. செய்யாவிட்டால் எண் முடங்கிவிடும். நம் கூட்டமைப்பின் எண்ணே அப்படி முடங்கிக் கிடந்ததை இந்த ஆர்டர் வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம். தப்பு எங்கள் அலுவலகத்துடையதுதான்.

ஐ.இ.சி.யை வாடகைக்கு விடாதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன், ஆசிரியர் குழு போடுகிறார்களோ என்னவோ. வேறொரு பகுதியில், பெயர் வேண்டாம், ஒரு உறுப்பினர் ஏஜெண்ட் சொன்னதைக் கேட்டுத் தன் பெயரில் ஐ.இ.சி. எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார். கையில் கிடைத்தது 3,000 ரூபாய். அந்த எண்ணில் போன பெட்டியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. பெட்டி பிடிபட்டபோது நோட்டீஸ் வந்தது அவர் வீட்டுக்கு. ஏஜெண்டின் போன் அணைந்துவிட்டது. சரக்கின் மதிப்பு 6 லட்சம் ரூபாய் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. 1992 சட்டப்படி அபராதம் குறைந்தது 10,000 ரூபாய், அதிகபட்சம் சரக்கு மதிப்பைப் போல ஐந்து மடங்கு. அதாவது 30 லட்சம் வரை போகலாம். ஓலைக் கொட்டகை வீடு அவருக்கு. இன்னமும் விசாரணைக்குப் போய் வருகிறார். அவருக்குச் சட்ட உதவி ஏற்பாடு செய்திருக்கிறோம். ஆனால் "நான் அனுப்பல சார், என் பேரை மட்டும் குடுத்தேன்" என்பதை எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார்?

அதனால்தான் அன்று ராத்திரி போனில் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன்.

உரிமத்துக்கு விண்ணப்பம்

கட்டுப்படுத்தப்பட்ட பொருளுக்கு உரிமம் கேட்கும் படிவத்தின் பெயர் ஏ.என்.எஃப். 2-என். இதுவும் இணையம் வழியாகத்தான். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்தால் சேர்ந்து நிரப்பலாம்.

என்ன பொருள், எட்டு இலக்க எண் என்ன, எத்தனை கிலோ, என்ன மதிப்பு, எந்த நாட்டுக்கு, வாங்குபவர் யார், எந்தத் துறைமுகம் வழியாக, இவ்வளவும் எழுத வேண்டும். சங்கு, சோழி, மற்றச் சிப்பி ஒவ்வொன்றுக்கும் எண் தனித்தனி. 'கலப்புச் சிப்பி' என்று மொத்தமாக எழுதுவது சிக்கலுக்கு அழைப்பு. வாங்குபவர் அனுப்பிய ஆர்டர் கடிதத்தின் நகல் வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த செய்தி மட்டும் இருந்தால் போதாது. அவர்கள் நிறுவனத்தின் பெயர், முகவரி, அளவு, விலை போட்டு முறையான கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். பட்டியலில் உள்ள வகை எதுவும் கலக்கவில்லை என்று காட்ட வனத்துறை கடிதம் இருந்தால் பெரிய பலம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம். இங்கேதான் நம் குழு மாட்டிக்கொண்டது. இருநூறு கிலோவும் பல வருடமாகப் பலரிடம் வாங்கிச் சேர்த்தது. ரசீது இருந்தது எண்பது கிலோவுக்கு மட்டும். அதுவும் பாதி துண்டுச் சீட்டு. "கரையில உக்காந்து விக்கிற கெழவிகிட்ட யாரு மேடம் பில்லு கேப்பா?" என்றார்கள். உண்மைதான். ஆனால் டெல்லியில் இருப்பவருக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது, சீட்டைத்தான் தெரியும். கடைசியில் எண்பது கிலோவுக்கு மட்டும் விண்ணப்பிப்பது என்று முடிவானது. இந்த முடிவுக்கு வருவதற்குள் குழுவில் பெரிய சண்டை. மீதிச் சிப்பியைச் சேர்த்து வைத்தவர் பிரதிநிதிகளில் ஒருவர். "என் சாக்கு மட்டும் வேண்டாமா?" என்று அழுதேவிட்டார். அந்தச் சிப்பியை உள்ளூர் ஆர்டர் தோரணத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அதற்கான விலையைக் குழுவே அவருக்குக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதிய பிறகுதான் சமாதானம் ஆனார்.

விண்ணப்பம் போன பிறகு முடிவு மதுரையில் இல்லை. டெல்லி தலைமை அலுவலகத்தில் ஏற்றுமதி இறக்குமதி வசதிக் குழு என்று ஒன்று கூடி, சம்பந்தப்பட்ட மற்ற அமைச்சகங்களின் கருத்தையும் பார்த்து முடிவு செய்யும். நம்மிடம் சந்தேகம் கேட்டு இணையத்திலேயே கேள்வி அனுப்புவார்கள். அது அஞ்சலில் வீட்டுக்கு வராது. வாரம் ஒருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பதில் போடாவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும்.

ஒரு கண்டெய்னர் அனுப்பும் கம்பெனிக்கும் எண்பது கிலோ அனுப்பும் நமக்கும் இதே வழி, இதே டெல்லி. சிறிய அளவுக்கு மாவட்டத்திலேயே பார்த்து முடிக்க ஒரு ஏற்பாடு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றும். இதைக் கூட்டமைப்புப் பொதுக்குழுவில் வைத்து மாவட்டத் தொழில் மையத்துக்கு மனுவாகக் கொடுக்கலாம். அதுவரை இருக்கிற வழியில்தான் போக வேண்டும்.

உரிமம் கிடைத்தாலும் அதில் எழுதியிருக்கும் அளவு, மதிப்பு, காலக்கெடுவுக்குள்தான் அனுப்பலாம். மீந்ததை அடுத்த வருடம் சேர்த்து அனுப்ப முடியாது. இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடியாது. துறைமுகத்தில் கப்பல் சரக்குப் பட்டியலோடு உரிமத்தையும் சுங்கத்துறை ஒப்பிட்டுப் பார்க்கும். சிப்பி என்றாலே வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரையும் அழைத்துக் காட்டுவது உண்டு. உள்ளே இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை.

தபாலில் அனுப்பினால் இதெல்லாம் வேண்டாமே என்று சிலர் நினைக்கிறார்கள். 2022 முதல் தபால் துறை ஏற்றுமதி மையங்களைத் திறந்து, சிறு தொழில் செய்பவர்கள் தபாலிலேயே வெளிநாட்டுக்கு அனுப்ப வழி செய்திருக்கிறது. கண்ணாடிச் சட்டம், கூடை, துணிப்பை மாதிரித் தாராளமான பொருளுக்கு அருமையான வழி. ஆனால் கட்டுப்பாட்டுப் பொருள் கப்பலில் போனாலும் பார்சலில் போனாலும் கட்டுப்பாட்டுப் பொருள்தான்.

பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும்

கடலோரம் இல்லாத குழுக்கள், 'இது நமக்கில்லை' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2023 ஜூலை 20-ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை ஏற்றுமதி செய்ய ஒரே நாளில் தடை வந்தது. 2024 செப்டம்பரில்தான் நீக்கினார்கள். வெங்காயத்துக்கு 2023 டிசம்பரில் தடை வந்து 2024 மே மாதம் விலகியது. நாம் சீப்பில் இருந்து எடுத்து ஜன்னலில் செருகி வைத்து, பாத்திரக்காரரிடம் போடுகிறோமே தலைமுடி, அந்தப் பச்சை முடிக்கு 2022 ஜனவரியில் உரிமக் கட்டுப்பாடு வந்தது. 2024 மார்ச்சில், கிலோ 65 டாலருக்குக் குறைந்த விலையில் அனுப்பக் கூடாது என்று இன்னும் இறுக்கினார்கள்.

ஆகவே ஆர்டர் வந்த அன்று ஒருமுறை, சரக்குக் கட்டும் முன்னால் ஒருமுறை, இரண்டு தடவை நிலையைப் பாருங்கள். கட்டுப்பாடு வருவதற்கு முன்பே வங்கி மூலம் மாற்ற முடியாத கடன் கடிதம் வாங்கியிருந்தால் அந்தச் சரக்கை அனுப்ப விட்டுவிடும் விதி ஒன்று உண்டு. ஆனால் சில அறிவிப்புகளில் அந்தச் சலுகையும் பொருந்தாது என்று சேர்த்தே எழுதிவிடுவார்கள். 2023 அரிசி அறிவிப்பில் அப்படித்தான் எழுதினார்கள்.

காத்திருக்கும் காலத்தையும் விலையில் சேருங்கள். நம் குழுவின் கடனுக்கு மாதம் 1,500 ரூபாய் வட்டி. மூணு மாதம் இழுத்தால் 4,500 ரூபாய். கண்ணாடிச் சட்டத்துக்கு விலை போட்டபோது பசை, பலகை, கூலி எல்லாம் சேர்த்தோம், இதைச் சேர்க்க மறந்துவிட்டோம். சென்ற இதழில் விலைப் பாடம் எழுதிய நானும்தான் மறந்தேன்.

இப்போதைய நிலவரம்: சட்டமும் தோரணமும் தனியாகக் கிளம்பிப் போய்ச் சேர்ந்துவிட்டன. பணமும் வங்கிக்கு வந்து, கடனில் ஒரு லட்சம் திருப்பிக் கட்டியாகிவிட்டது. ஏஜெண்ட் கோபத்தில் பேசுவதில்லை. பச்சைச் சிப்பி விண்ணப்பத்துக்கு டெல்லியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. எந்தக் கடற்கரையில், எந்த மாதம் வாங்கியது என்று. துண்டுச் சீட்டுகளை எல்லாம் படம் எடுத்துப் பதில் போட்டிருக்கிறோம். இதை எழுதும் நாள் வரை முடிவு வரவில்லை. வாங்குபவர் காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார், எத்தனை நாள் என்று சொல்லவில்லை. வந்ததும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

அதற்குள் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் செய்யும் பொருளையும் அதற்கு வாங்கும் மூலப்பொருளையும் நடுவில் வையுங்கள். எதற்கு ரசீது இருக்கிறது, எதற்கு இல்லை என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ரசீது கொடுக்கத் தெரியாதவர்களிடம் வாங்கும்போது, தேதி, ஊர், பொருள், எடை, விலை எழுதி அவர்களிடம் கைநாட்டாவது வாங்கும் ஒரு சின்ன நோட்டு போடுங்கள். ஐ.இ.சி. வைத்திருக்கும் கூட்டமைப்புகள், உறுதி செய்த தேதியை ஜூன் மாதக் கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, செயலாளர், பொருளாளர் இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.